மூலையில் வைத்தால் முழங்கும்... பக்கத்தில் வைத்தால் பாடும்!

வீட்டுக்குள் விஞ்ஞானம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் நீளமாக மெயில் அனுப்பியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன்.

'தச்சரிடம் 18 மி.மீ. ப்ளைவுட்டில் பெட்டி அடித்து, சென்னை ரிச்சி தெருவில் 8 அங்குல வூஃபரும் ஆம்ப்ளிஃபயர் போர்டும் வாங்கிப் பொருத்தி, சொந்தமாக ஒரு சப்-வூஃபர் செய்துவிட்டேன். தச்சுப் பட்டறை வாசலில் போட்டுப் பார்த்தபோது அளவாக, சுத்தமாகக் கேட்டது. வீட்டில் டி.வி. பக்கத்து மூலையில் வைத்தால் ஒரே கும்கும். ஆனால், நடு ஹாலில் இருக்கும் சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை. பின்னால் சமையலறை வாசலில் நின்றால் பாத்திரம் அதிர்கிறது! ஹால் 14-க்கு 10 அடிதான். உயரமும் 10 அடி. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தறி ஓடுகிறது. "தம்பி, நெஞ்சுல இடிக்குதுப்பா" என்று பெரியவர் இரண்டு முறை வந்து சொல்லிவிட்டார். "இதைத் தூக்கி வெளியே வைங்க, இல்லைன்னா வித்துடுங்க" என்கிறார் என் மனைவி. இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் போட்டால் சரியாகிவிடுமா?'

ஆகாது. பணமும் போகும், பக்கத்து வீட்டு உறவும் போகும். உங்கள் பெட்டியில் பெரிய குறை இருப்பதாகத் தெரியவில்லை. பட்டறை வாசலில் சுத்தமாகக் கேட்டதே, அதுவே சாட்சி. பிரச்னை, பெட்டி இருக்கும் இடத்திலும் நீங்கள் உட்காரும் இடத்திலும் இருக்கிறது. அதைச் சரிசெய்யச் செலவு எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

பெட்டி செய்கிறவர்கள் இன்று பலர் இருப்பதால், கொஞ்சம் விளக்கமாகவே பார்த்துவிடுவோம்.

மண்பானை சொல்லும் பாடம்

எண்பதுகளில் டேப்ரெக்கார்டர் வைத்திருந்தவர்களுக்கு மண்பானை ஸ்பீக்கர் ஞாபகம் இருக்கும். டீக்கடையிலும் சலூனிலும் ஒரு பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்தோ நிமிர்த்தோ உட்கார வைத்திருப்பார்கள். கையில் பிடித்தால் 'கீச்' என்று கத்துகிற அதே ஸ்பீக்கர், பானையில் உட்கார்ந்ததும் கனத்த குரலில் பாடும்.

காரணம் எளிது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது, பின்னால் காற்றை இழுக்கிறது. பின்பக்கத்து அலை சுற்றிக்கொண்டு முன்னால் வந்தால், ஒன்றை ஒன்று அழித்துவிடும். மெல்லிய உயர்ந்த ஒலிகள் இதில் தப்பிக்கும். ஆழ்ந்த ஒலிகள் மாட்டிக்கொள்ளும். பானை அந்தப் பின்பக்கத்து அலையைப் பிடித்து அடைத்து வைத்தது. உங்கள் ப்ளைவுட் பெட்டி செய்வதும் அதேதான்.

மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங் போலப் பயன்படுத்தி, சின்னப் பெட்டியில் ஆழ்ந்த ஒலியைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர். 1954-ல் அவர் கொண்டுவந்த 'ஏ.ஆர்-1' ஸ்பீக்கர், அலமாரி அளவுப் பெட்டிகளின் காலத்தை முடித்து வைத்தது. எந்த வூஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி என்ற கணக்கை, ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-லும், பிறகு எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மாலும் சூத்திரமாக்கினார்கள். இன்று வூஃபர் வாங்கும்போது தரும் அட்டையில் இருக்கும் எண்கள் இவர்கள் பெயரால்தான் வழங்குகின்றன.

ஆக, பெட்டிக்குக் கணக்கு இருக்கிறது. அதைப் பலரும் போடுகிறார்கள். ஆனால், பெட்டியைச் சுற்றி இன்னொரு பெரிய பெட்டி இருப்பதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பெரிய பெட்டிதான் உங்கள் ஹால்!

573 என்று ஒரு எண்

நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அடியில் சொன்னால் ஏறத்தாழ 1,146. ஒரு பெண் குரலின் உச்சத்தில் கேட்கும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு, ஒரு அலையின் நீளம் ஓரடிக்குச் சற்று அதிகம். அதுவே 40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலிக்கு 28 அடிக்கு மேல். அதாவது, உங்கள் ஹாலின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு. ஒரு முழு அலை நீட்டிப் படுக்கக்கூட ஹாலில் இடம் கிடையாது.

இடமில்லாத அலை என்ன செய்யும்? சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். ஒரு நீளமான தொட்டியில் பாதித் தண்ணீர் விட்டு, ஒரு முனையில் கையால் மெல்லத் தள்ளிப் பாருங்கள். சரியான தாளத்தில் தள்ளினால், இரண்டு முனையிலும் தண்ணீர் மாறி மாறி ஏறி இறங்கும். நடுவில் மட்டும் மட்டம் அப்படியே நிற்கும். ஹாலில் காற்றழுத்தமும் இப்படித்தான் ஆடுகிறது. சுவர் ஓரங்களில் பேஸ் பொங்கும். நட்ட நடுவில் காணாமல் போகும்.

எந்த ஒலிக்கு இப்படி ஆடும்? 573 என்ற எண்ணை அறையின் நீளத்தால், அடிக் கணக்கில், வகுத்தால் போதும். 14 அடிக்கு 41 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ்.

இப்போது ஒரு சுவாரஸ்யம் பாருங்கள். பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ். அடுத்த தந்தி 55. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பாடகருக்குக் கீழே இன்னொரு பாட்டு போல ஓடுமே பேஸ் கிட்டார், அதன் ஆழமான சுரங்கள் சரியாக உங்கள் ஹாலின் எண்களில் வந்து விழுகின்றன. உங்கள் சோபாவோ நீளத்திலும் நடுவில், அகலத்திலும் நடுவில். இரண்டு ஒலியும் செத்துப்போகும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு 'பேஸ் இல்லை' என்கிறீர்கள். சமையலறை வாசல் கடைசிச் சுவரில் இருப்பதால் அங்கே பாத்திரம் ஆடுகிறது.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. உங்கள் ஹாலின் அகலமும் உயரமும் ஒரே 10 அடி. இரண்டுக்கும் ஒரே 57 ஹெர்ட்ஸ். இருவர் சேர்ந்து ஒரே நேரத்தில் ஊஞ்சலைத் தள்ளுவது போல, அந்த ஒரு சுரம் மட்டும் மற்றவற்றை விழுங்கிவிட்டு முழங்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே கும்கும் கேட்பதற்கு இதுதான் காரணம்.

பெரிய இடத்தில் ஏன் இப்படி ஆவதில்லை? நூறடி நீளமுள்ள ஒரு மண்டபத்துக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். சுமார் 6 ஹெர்ட்ஸ் வரும். மனிதக் காது 20-லிருந்துதான் கேட்கும். அதற்கு மேலுள்ள எண்களும் நெருக்கமாக அடுக்கி வந்துவிடுவதால் எதுவும் தனியாகத் துருத்தாது. அதனால்தான் கோயில் மண்டபத்தில் தவிலின் தொப்பிப் பக்கம் கனமாகக் கேட்கும், ஆனால் இப்படிக் கும்மாது. சின்ன ஹாலில் இந்த எண்கள் தூரம் தூரமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தலைகாட்டும்.

மூலை தரும் இலவசம்

எல்லோரும் சப்-வூஃபரை மூலையில்தான் தள்ளுகிறார்கள். இடத்தை அடைக்காது, நிறைய சத்தமும் வரும். இரண்டுமே உண்மைதான். பெட்டியை ஒரு சுவரோரம் வைத்தால், தரையில் நடுவே வைத்ததைவிட 6 டெசிபல் வரை கூடும். இரண்டு சுவர் சேரும் மூலைக்குப் போனால் இன்னொரு 6 வரை. ஒவ்வொரு 6 டெசிபலும் ஆம்ப்ளிஃபயரின் சக்தியை நான்கு மடங்காக்கியதற்குச் சமம். இலவசமாக வருகிறதே, விடுவானேன் என்று தோன்றும்.

ஆனால், மூலை என்பது தொட்டியின் முனை. அங்கிருந்து தள்ளினால் நீளம், அகலம், உயரம் மூன்றின் ஆட்டமும் முழுமூச்சில் கிளம்பும். நம் வீட்டுச் சுவர்களும் இதற்கு ஒத்துழைக்கும். யூடியூபில் யோசனை சொல்லும் அமெரிக்கர்களின் வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. அந்தச் சுவர் சற்று வளைந்து கொடுத்து, பேஸின் ஒரு பகுதியைத் தானே விழுங்கிவிடும். நம்முடையது செங்கல், சிமென்ட் பூச்சு, டைல்ஸ் தரை. எதுவும் வளையாது. அங்கே மூலையில் நன்றாக இருப்பது, இங்கே முழங்குகிறது. அவர்கள் வீடியோவைப் பார்த்து வாட்ஸ் கணக்குப் போடாதீர்கள்.

பெட்டியில் போர்ட் என்கிற குழாய்த் துவாரம் விட்டிருந்தால் இப்போதே ஒரு சோதனை செய்யலாம். பழைய பருத்தித் துணியைத் தளர்வாகச் சுருட்டி அந்தக் குழாயில் செருகுங்கள். பெட்டி கிட்டத்தட்ட மூடிய பெட்டியாகிவிடும். கும்மல் குறைந்து, தாளம் தெளிவாகும். சின்ன ஹாலுக்கு மூடிய பெட்டிதான் பொதுவாக ஒத்துப்போகிறது. செருகப் பிடிக்காவிட்டால் குழாய் வாய்க்கும் சுவருக்கும் நான்கு விரற்கடையாவது இடைவெளி விடுங்கள். வாயில் ஒரு கம்பி வலையும் அடியுங்கள். எலியும் பல்லியும் புதுவீடு பார்க்க வந்துவிடும்!

தவழ்ந்து தேடுங்கள்

சரி, எங்கே வைப்பது? இதைக் கண்டுபிடிக்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. உலகம் முழுக்கச் செய்கிறார்கள்.

பெட்டியைத் தூக்கி, நீங்கள் உட்காரும் சோபாவின் மேலேயே வையுங்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கி ஓடும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். கர்நாடக சங்கீதப் பிரியர் என்றால் ஒரு தனி ஆவர்த்தனமும் நல்ல சோதனைதான். மிருதங்கத்தின் தொப்பி ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாகக் கேட்கிறதா, ஒன்றோடு ஒன்று குழைகிறதா என்பது உடனே தெரியும். பிறகு, தரையோரம் காதை வைத்தபடி, சுவர் ஓரமாகவே ஹாலைச் சுற்றித் தவழுங்கள்.

சில இடங்களில் கும்மும். சில இடங்களில் ஒன்றுமே இருக்காது. ஓரிரு இடங்களில் மட்டும் எல்லாச் சுரமும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். பெட்டியை அங்கே வைத்துவிட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தால் அதே ஒலி கிடைக்கும். கேட்பவரும் ஒலிப்பதும் இடம் மாறிக்கொண்டாலும் நடுவில் உள்ள வழி மாறாது என்பது இயற்பியல் விதி. முட்டி வலிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம். அவர்கள் காது நம்முடையதைவிடக் கூர்மை. ஊதியம் ஒரு ஐஸ்க்ரீம்.

தவழ்வதற்கு முன் சோபாவை நடுவிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி பின்னால் தள்ளுங்கள். டி.வி. சுவரிலிருந்து 9 அடி என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாட்டிலும் அரையடி நகர்த்த முடிந்தால் நல்லது. இந்த ஒரு நகர்வே காணாமல் போன 41 ஹெர்ட்ஸில் பெரும்பகுதியைத் திரும்பக் கொண்டுவரும். பின்சுவரோடு ஒட்டிவிட மட்டும் வேண்டாம். அங்கே பொங்கும்.

உங்கள் கைக்கெட்டும் தூரத்தில்

'இவ்வளவு சின்ன ஹாலில் நல்ல இடம் என்று தவழ்ந்து கண்டுபிடித்தால், அது பீரோ நிற்கும் இடமாகவோ பூஜை அலமாரி இருக்கும் இடமாகவோதான் இருக்கும்' என்கிறீர்களா? பெரும்பாலும் அப்படித்தான். அதனால்தான் நெருக்கடியான வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது வேறொரு யோசனை.

பெட்டியை சோபாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுங்கள். கைப்பிடியை ஒட்டி, அல்லது சோபாவின் முதுகுக்குப் பின்னால். உங்கள் காதிலிருந்து இரண்டடி, மூன்றடிக்குள்.

திறந்தவெளியில், தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். 8 அடியிலிருந்து 2 அடிக்கு வந்தால் 12 டெசிபல். மூடிய ஹாலில் அவ்வளவும் கிடைக்காது. பாதிதான் கிடைத்தது என்றாலும், ஆம்ப்ளிஃபயரைக் கால் பங்கு சக்தியில் ஓட்டினால் போதும். சோபாவில் உங்களுக்கு அதே பேஸ். ஆனால், ஹால் முழுக்கப் பொங்கும் பேஸ் குறைகிறது. சமையலறை வாசலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போவதும் அதே அளவு குறைகிறது. நேராக வரும் ஒலி வலுவாக இருப்பதால், சுவரில் மோதி வரும் கும்மலும் பின்னால் ஒதுங்கிவிடும்.

பேஸ் பின்னாலிருந்து வருவது போல இருக்காதா என்று கேட்பீர்கள். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிரித்தறிவது கடினம். அதனால் பாட்டு முன்னாலிருந்து வருவதாகவே தோன்றும். ஆனால், அதற்குப் பெட்டியைச் சரியாக 'டியூன்' செய்ய வேண்டும். பெட்டியின் பின்னால் உள்ள மூன்று திருகுகளில்தான் அந்த வேலை.

முதலாவது, கிராஸ்-ஓவர். எந்த ஒலிக்குக் கீழே சப்-வூஃபர் பேசலாம் என்று வரம்பு போடுவது. 80-ல் தொடங்குங்கள். முன்னால் உள்ள ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்றால் 100 வரை ஏற்றலாம். அதற்கு மேல் போனால் ஆண் குரல் சோபாவுக்குப் பின்னாலிருந்து பேச ஆரம்பிக்கும்.

இரண்டாவது, ஃபேஸ். 0, 180 என்று இரண்டு நிலை இருக்கும். பாட்டு ஓடும்போது ஒருவர் மாற்றி மாற்றிப் போட, நீங்கள் சோபாவில் உட்கார்ந்து கேளுங்கள். எதில் பேஸ் கனமாகக் கேட்கிறதோ அதை வையுங்கள். உங்கள் ஆம்ப்ளிஃபயர் போர்டில் இந்த ஸ்விட்ச் இல்லை என்றால், வூஃபருக்குப் போகும் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் அதே வேலைதான். மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

மூன்றாவது, வால்யூம். முழுக்கக் குறைத்துவிட்டு மெல்ல ஏற்றுங்கள். 'சப்-வூஃபர் ஓடுகிறது' என்று தெரிய ஆரம்பித்ததும் ஒரு சின்னத் திருகு பின்னால் வாருங்கள். அதுதான் இடம். அணைத்தால் எதையோ இழந்தது போல இருக்க வேண்டும். ஓடும்போது அது இருப்பதே தெரியக்கூடாது.

பெட்டியை சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தால் வீட்டில் அது ஒரு ஸ்டூல் போலவும் ஆகிவிடும். மேலே ஒரு விரிப்புப் போடலாம், பேப்பர் வைக்கலாம். ஆம்ப்ளிஃபயர் சூடாகும் பின்பக்கத்தைத் துணியால் மூடாதீர்கள். விளக்கோ, தண்ணீர்ச் செம்போ, டீ டம்ளரோ மேலே கூடாது. அதிர்வில் நகர்ந்துவிடும். குழந்தைகள் விரலால் குத்தாமலிருக்க, கூம்புக்கு முன்னால் ஒரு கம்பி வலை கட்டாயம்.

தறி எடுத்துவிட்ட வீடுகளில் பழைய தறிக்குழியைப் பலகை போட்டு மூடியிருப்பார்கள். அந்தப் பலகையின் மேல் பெட்டியை வைக்காதீர்கள். பலகையும் கீழே உள்ள பள்ளமும் சேர்ந்து இன்னொரு மத்தளம் ஆகிவிடும். கெட்டித் தரையில், நான்கு ரப்பர் கால்களின் மேல் நிற்கட்டும்.

ஆடும் பாத்திரமும் அதிரும் பீரோவும்

பல வீடுகளில் 'பெட்டி சரியில்லை' என்று தோன்றுவது உண்மையில் வேறு பொருள்களின் சத்தம். ஸ்டீல் பீரோவின் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, சுவரில் மாட்டிய போட்டோ, ஜன்னல் கொக்கி, எவர்சில்வர் தட்டு அடுக்கு.

போனில் ஒலி எழுப்பும் இலவச ஆப் ஒன்றில் 30-லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏற்றிக்கொண்டே போங்கள். சத்தம் குறைவாகவே இருக்கட்டும். எது 'கிர்ர்' என்கிறதோ அதைக் கையால் தொடுங்கள். நின்றால், ஆள் அகப்பட்டார்! போட்டோவின் பின்னால் இரண்டு துண்டு ஸ்பாஞ்ச், பீரோ கதவு இடுக்கில் ஒரு மடித்த அட்டை, ஷோகேஸ் கண்ணாடிக்கு ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை. அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம்

இனி முக்கியமான விஷயம். அந்தப் பெரியவர்.

சிலர் சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்வார்கள். சிலர் ஸ்பாஞ்ச் ஷீட் விற்பார்கள். கேட்காதீர்கள். இப்படிப்பட்ட பொருள்கள் ஒரு ஒலியை நன்றாக உறிஞ்ச, அதன் அலைநீளத்தில் கால் பங்கு தடிமன் வேண்டும். 57 ஹெர்ட்ஸுக்கு அது ஐந்தடி. ஹாலில் பாதியை ஸ்பாஞ்சுக்கே கொடுக்க வேண்டியிருக்கும். முட்டை அட்டை ஹாலின் எதிரொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம். பேஸுக்கு அது ஜன்னல் வலை மாதிரி. ரப்பர் கால்களும் தரை வழியாகப் போகும் அதிர்வைத்தான் குறைக்கும். காற்று வழியாகச் சுவரை அசைப்பதை அவை தடுக்காது.

'சட்டப்படி அளவுக்குள்தான் வைக்கிறேன்' என்பதும் இங்கே உதவாது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை 45 டெசிபல். ஆனால், அந்த டெசிபலை அளக்கும் முறையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மனிதக் காதுக்கு ஆழ்ந்த ஒலி குறைவாகக் கேட்கும் என்பதால், மீட்டரும் அதைக் குறைத்தே எண்ணும். 50 ஹெர்ட்ஸ் ஒலியில் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். மீட்டர் 'எல்லாம் சரி' என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கு நெஞ்சில் இடிக்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. குரலும் பாட்டும் சுவரிலேயே நின்றுவிடுகின்றன. பேஸ் மட்டும் தாண்டிப் போகிறது. உங்களுக்கு அது சங்கீதம். அவருக்கு அதில் பாட்டு இல்லை, இடி மட்டும்தான்.

அவர் செய்வது என்ன வேலை என்பதையும் யோசியுங்கள். கோர்வைப் புடவை என்றால் உடலுக்கும் இரண்டு கரைக்கும் மூன்று நாடா. கரை போட்டுக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு உதவியாள். கண்ணும் கையும் காலும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். ஊடை சரியாக விழுந்ததா என்பது அச்சு அடிக்கும் கைக்கே தெரியும். அந்தத் தாளத்துக்கு நடுவே, வேறொரு தாளம் சுவர் வழியாக இடித்துக்கொண்டிருந்தால் கை பிசகும். பிசகிய இழையைப் பிரித்து மறுபடி போடும் நேரம் அவருடைய கூலியில் கழியும். அவருடைய தறிச் சத்தம் உங்களுக்கும் கேட்கத்தானே செய்கிறது என்பீர்கள். கேட்கும். ஆனால், அது ஒரு வீட்டின் அடுப்பு எரியும் சத்தம்.

எனவே, முதலில் பெட்டியைப் பொதுச்சுவரிலிருந்து விலக்குங்கள். சோபாவின் இரண்டு பக்கத்தில் தெருப் பக்கமோ, உங்கள் சொந்த நடை இருக்கும் பக்கமோ எதுவோ, அங்கே வையுங்கள். சின்ன ஹாலில் பேஸ் எல்லாச் சுவரையும் தொடும் என்றாலும், ஒட்டி நின்று இடிப்பதாவது தவிரும். பெட்டி உங்களுக்கு அருகில் வந்துவிட்டதால் ஆம்ப்ளிஃபயரும் அடக்கமாக ஓடும். பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு எடுத்து வைத்த பணம் அப்படியே இருக்கட்டும். பேஸ் இன்னும் சீராக வேண்டும் என்று பிறகு தோன்றினால், முதலில் செய்ததைப் போலவே இன்னொரு சின்னப் பெட்டி செய்யலாம். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்தால், இரண்டும் ஒன்றின் கும்மலை ஒன்று அடக்கும். அமெரிக்காவில் ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு பெட்டிகளுக்கு நல்ல இடங்களில் ஒன்றாகச் சொன்னது இதைத்தான். ஆனால், பொதுச்சுவர் உள்ள வீட்டில் நீளவாட்டுச் சுவர்களை விட்டுவிட்டு, டி.வி. சுவருக்கும் அதன் எதிர்ச்சுவருக்கும் மட்டும் இந்த யோசனை.

எல்லாம் முடிந்ததும், கடைசியாக ஒரு வேலை. எந்த மீட்டரும் செய்ய முடியாதது. பக்கத்து வீட்டுக்குப் போய், "ஐயா, ஐந்து நிமிஷம் உள்ளே வந்து கேட்டுக்கலாமா?" என்று அனுமதி கேளுங்கள். உங்கள் மனைவியோ பிள்ளையோ இந்தப் பக்கம் பாட்டைப் போடட்டும். நீங்கள் தறிக்குப் பக்கத்தில் நின்று கேளுங்கள். "இது பரவாயில்லை" என்று அவர் சொல்லும் அளவில், வால்யூம் திருகில் நகப்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். தறி ஓடும் நேரத்திலும் இரவு பத்துக்கு மேலும் அந்தப் புள்ளிக்குக் கீழேதான். தறி இல்லாத நாளில், அவர் ஊரில் இல்லாத நாளில், கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.

அந்தப் புள்ளி எங்கே விழுந்தது, சோபா எத்தனை அடி நகர்ந்தது என்று எழுதுங்கள். மற்ற வாசகர்களுக்கும் பயன்படும்.

*அடுத்த வாரம்: மழைக்காலத்தில் மிக்ஸி தொட்டால் ஏன் 'சுர்'ரென்கிறது? எர்த் ஒயரின் கதை.*